வாசகர் கேள்விகள்: லேப்டாப்புக்கு வைஃபை அடாப்டர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: லேப்டாப்பில் வைஃபை நின்றுவிட்டது, தனியாக அடாப்டர் வாங்கலாமா, வாங்கியது ஏன் வேலை செய்யவில்லை. ஆகவே பிரிண்டரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படித்தபோது 2014-இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் நான் இப்போது கடைக்கணக்கு எழுதுகிறேன். சில வாரங்களாக வைஃபை பட்டியலே வருவதில்லை. ரிப்பேர் கடையில் மதர்போர்டு போய்விட்டது, 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். யூஎஸ்பி அடாப்டர் ஒன்று செருகினால் போதும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். யார் சொல்வதைக் கேட்பது?
– மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்

பதில்: பையன் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் காசு செலவில்லாத இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்கள் சிலவற்றில் வைஃபையைப் போடவும் அணைக்கவும் பக்கவாட்டில் ஒரு சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கும். மற்றவற்றில் எஃப்என் விசையோடு மேல்வரிசை விசை ஒன்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். தூசி துடைக்கும்போது கைபட்டு அது அணைந்துவிட்டதை அறியாமல் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தால், கணினியிலுள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரை விண்டோஸில் திறந்து ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற தலைப்பை விரித்துப் பாருங்கள். ‘வயர்லெஸ்’ என்ற சொல்லோடு ஒரு பெயர் இருந்து, அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரிந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுத்தால் வேலை முடிந்தது. மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு; கருவியோடு விண்டோஸ் பேச உதவும் சிறு மென்பொருள்தான் டிரைவர். பெயரே இல்லாவிட்டால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போதும் மதர்போர்டின் மேல் பழி போட அவசரம் வேண்டாம். உங்கள் லேப்டாப்பின் வயதுடையவற்றில் வைஃபை என்பது பெரும்பாலும் மதர்போர்டின் ஒரு துளையில் செருகி, திருகாணி போட்டு நிறுத்தியிருக்கும் தீப்பெட்டியைவிடச் சிறிய தனிக் கார்டு. அந்தக் கார்டு செத்திருக்கலாம், அல்லது பத்தாண்டுக்கு மேலான ஆட்டத்தில் துளையிலிருந்து தளர்ந்திருக்கலாம். கடைக்காரர் அதைக் கழற்றி, தொடுபுள்ளிகளைத் துடைத்து மாட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வேறு கடை தேடுவது நல்லது.

இனி யூஎஸ்பி அடாப்டருக்கு வருவோம். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். பெட்டியின்மேல் ‘என் 150’, ‘ஏசி 600’, ‘ஏஎக்ஸ் 1800’ என்றெல்லாம் பெரிதாக எழுதியிருப்பார்கள். ‘என் 150’ என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், காகிதக் கணக்கில் நொடிக்கு 150 மெகாபிட். ‘ஏசி 600’ என்றால் 2.4-இல் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433; இரண்டையும் கூட்டினால் 583 வருவதை 600 என்று உருட்டிவிடுகிறார்கள். இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் அது ஓடப்போவதில்லை என்பதால் இந்தக் கூட்டலுக்கே அர்த்தம் கிடையாது. பேருந்துக் கட்டணத்தையும் ரயில் கட்டணத்தையும் கூட்டி ஊர் போய்ச்சேர ஆகும் செலவு என்று சொல்வதைப் போன்றது அது. தவிர, எழுதியிருக்கும் வேகத்தில் பாதி கையில் கிடைத்தாலே திருப்திப்பட வேண்டும். கணக்கு எழுதவும் வரித்தாக்கல் செய்யவும் உங்களுக்கு இரண்டு அலைவரிசையும் உள்ள ‘ஏசி 600’ தாராளமாகப் போதும்.

வாங்கும் முன் லேப்டாப்பில் இருப்பது எந்த விண்டோஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. புதிதாக வரும் அடாப்டர்கள் பலவற்றுக்கு அதற்கான டிரைவர் கிடைப்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் விண்டோஸ் பதிப்புகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: புதிய அடாப்டரைச் செருகினேன். வைஃபை வருவதற்குப் பதிலாக ‘மை கம்ப்யூட்டரில்’ புதிதாக ஒரு சிடி டிரைவ் தோன்றுகிறது. பெட்டியில் ஒரு குட்டி சிடி இருக்கிறது. என் லேப்டாப்பிலோ சிடி போட இடமே இல்லை. டிரைவரை நெட்டிலிருந்து இறக்கிக்கொள் என்கிறார்கள். நெட் வருவதற்காகத்தானே இதை வாங்கினேன்!
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அடாப்டர் கெட்டுப்போகவில்லை, வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. ரியல்டெக் நிறுவனத்தின் சிப் கொண்ட பல அடாப்டர்கள், புதிய கணினியில் முதல்முறை செருகப்படும்போது தங்களை ஒரு சிடி டிரைவ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்தப் போலி சிடிக்குள்தான் டிரைவர் இருக்கிறது. அதைத் திறந்து உள்ளிருக்கும் செட்டப் கோப்பை இயக்குங்கள். டிரைவர் ஏறியதும் சிடி மறைந்து வைஃபை தோன்றும். அப்படித் தோன்றாமல் அடம்பிடித்தால், அந்த சிடி டிரைவின்மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். வேஷத்தைக் கலைக்க அந்தக் கட்டளையே பெரும்பாலும் போதும்.

உள்ளே டிரைவர் இல்லாத வகை என்றால் உங்கள் கைப்பேசி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, போனின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போடுங்கள். விண்டோஸ் அதைக் கம்பிவழி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் பொதுவாகத் தேவைப்படாது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே வைஃபை கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும், டேட்டாவும் செலவாகாது. இப்படி இணைத்தபின் விண்டோஸ் அப்டேட்டை ஓட விட்டால் பாதிப்பேருக்கு அது தானாகவே டிரைவரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

மீதிப்பேர் செய்ய வேண்டிய வேலை சிப்பின் அடையாள எண்ணைக் கண்டுபிடிப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் முளைக்கிறது. அடாப்டரை விற்கும் நிறுவனம் வேறு, உள்ளே இருக்கும் சிப்பைச் செய்யும் நிறுவனம் வேறு. ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று விற்பனைக்கு வரும். ஒவ்வொன்றிலும் சிப் வேறாக இருக்கக்கூடும். முதல் பதிப்பின் டிரைவரை மூன்றாம் பதிப்புக்குப் போட்டால் ஏறாது. ஆகவே டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் கருவியை வலது கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’, பிறகு ‘டீடெய்ல்ஸ்’, அங்கே இறங்கும் பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். ‘விஐடி’ என்ற எழுத்துகளையடுத்து நான்கு குறிகள், ‘பிஐடி’ என்பதையடுத்து நான்கு குறிகள் இருக்கும். முதல் நான்கு நிறுவனத்தையும் அடுத்த நான்கு பொருளையும் சொல்கின்றன. முதல் நான்கு ‘0பிடிஏ’ என்றிருந்தால் ரியல்டெக், ‘0இ8டி’ என்றிருந்தால் மீடியாடெக். இந்த எட்டுக் குறிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அடாப்டர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உங்கள் பதிப்புக்குரிய டிரைவரை எடுங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று அழைக்கும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். ஒரு டிரைவர் கேட்டால் ஐந்து வேண்டாத விருந்தாளிகளைக் கூட்டிவருபவை அவை.

கேள்வி: லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருக்கும் வைஃபை கார்டையே மாற்றலாம் என்று இன்டெல் ஏஎக்ஸ் 201 கார்டை வாங்கினேன். துளையில் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னுடையது ஏஎம்டி ரைசன் புராசஸர் உள்ள லேப்டாப். கார்டு டூப்ளிகேட்டா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: கார்டு அசலாகவே இருக்கலாம், அது உங்கள் லேப்டாப்புக்கானது அல்ல, அவ்வளவுதான். ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 201 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்: இரண்டுமே 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், இரண்டும் ஒரே துளையில் உட்காரும். ஆனால் ஏஎக்ஸ் 200 முழு வைஃபை கார்டு. ஏஎக்ஸ் 201-இலோ வைஃபையின் மூளையில் ஒரு பகுதி இன்டெல்லின் புராசஸர் தொகுதிக்குள் போய்விட்டது. கார்டில் இருப்பது ரேடியோப் பகுதி மட்டும். மீதி மூளை ஏஎம்டி லேப்டாப்பில் கிடையாது என்பதால், எத்தனை டிரைவர் போட்டாலும் அது பேசாது. ஏஎக்ஸ் 210, ஏஎக்ஸ் 211 ஜோடிக்கும் இதே கதைதான். எண் 1-இல் முடிந்தால் இன்டெல் லேப்டாப்புக்கு மட்டும், 0-இல் முடிந்தால் ஏஎம்டிக்கும் ஆகும் என்று இந்த நான்கு கார்டுகளைப் பொறுத்தவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்து ஏஎக்ஸ் 210 கேளுங்கள். 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால்தான் இன்டெல் அதற்கு டிரைவர் தருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கார்டு வந்ததும் அவசரப்பட்டு மாட்டிவிடாதீர்கள். லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய கார்டின்மேல் கறுப்பு ஒன்றும் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் வந்து முடியும். ஆண்டெனாக் கம்பிகள் அவை. கீல் வழியாகப் போய்த் திரையின் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆண்டெனாவில் அவை சேர்கின்றன. எது எந்த முனையில் இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையிலுள்ள வட்டத் தொப்பியின் அடியில் நகத்தையோ பிளாஸ்டிக் நெம்புகோலையோ கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். திரும்ப மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். தொப்பி முனையின்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் தடவி உறுதிசெய்த பிறகே அழுத்துங்கள். மெல்லிய ‘டிக்’ என்ற உணர்வு விரல்நுனியில் தெரியும். தெரியாமல் பலங்கொண்டு அழுத்தினால் தொப்பி நசுங்கிவிடும், அதன்பிறகு அந்தக் கம்பி எந்தக் கார்டிலும் நிற்காது. ஒரு கம்பி மட்டும் சரியாக உட்காராவிட்டாலும் வைஃபை வரும், ஆனால் அடுத்த அறைக்குப் போனதும் நோயாளியைப் போல் தள்ளாடும். புளூடூத்தும் இதே கார்டில்தான் இருக்கிறது என்பதால் கார்டு மாறியபின் புளூடூத்துக்கும் தனி டிரைவர் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்கள் சிலவற்றின் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளில், இன்னின்ன கார்டுகளை மட்டுமே ஏற்பேன் என்ற பட்டியலைத் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த லேப்டாப்பில் ஒரு கார்டை மாற்றிவிட்டுப் பெருமிதத்தோடு பொத்தானை அழுத்தினேன். அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. விண்டோஸ் பக்கமே போகவில்லை. அன்று மாலையே பழைய கார்டை மாட்டிவிட்டு யூஎஸ்பி அடாப்டருக்கு மாறினேன். மெல்லிய புதிய லேப்டாப்கள் சிலவற்றில் கார்டை மதர்போர்டோடு பற்றவைத்தே விடுகிறார்கள். அங்கே மாற்றுவதற்கு எதுவுமில்லை.

கேள்வி: வீட்டில் புது ரௌட்டர் வைத்த நாளிலிருந்து எல்லாப் போன்களும் இணைகின்றன, என் லேப்டாப் மட்டும் இணையவில்லை. பாஸ்வேர்டு சரிதான், பத்து முறை அடித்துப் பார்த்துவிட்டேன்.
– இல்லத்தரசி, திருநெல்வேலி

பதில்: உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் லேப்டாப்பின் பட்டியலில் தெரிகிறதா, தெரியவில்லையா என்பதை நீங்கள் எழுதவில்லை. விடை அதில்தான் இருக்கிறது.

பெயர் தெரிந்து, பாஸ்வேர்டு கொடுத்தபின் மறுக்கிறது என்றால், ரௌட்டர் டபிள்யூபிஏ 3 என்ற பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கிக்கொண்டிருக்கலாம். அது 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய அடாப்டர்கள் பலவற்றுக்கு அந்த மொழி தெரியாது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ 2, டபிள்யூபிஏ 3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றிவிட்டால் பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கும். லேப்டாப் இணையவேண்டும் என்பதற்காகப் பாஸ்வேர்டையே எடுத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெயரே தெரியவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறது, உங்கள் அடாப்டர் 2.4 மட்டும் அறிந்தது என்பது முதலாவது; ரௌட்டரில் 2.4-ஐயும் போட்டுவிட்டால் சரியாகிவிடும். இரண்டாவது சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதை. 2.4 அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு, அமெரிக்காவில் விற்பவை வழக்கமாக 11-உடன் நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப் என்றால், ரௌட்டர் 12-இலோ 13-இலோ உட்கார்ந்த நாட்களில் அதற்குக் கண் தெரியாது. ரௌட்டரை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்பதால் அதுவே நல்ல பழக்கமும்கூட. மூன்றாவது பலருக்கும் தெரியாதது: புது ரௌட்டர் வைஃபை 6 வகையாக இருந்து, லேப்டாப்பில் பழைய இன்டெல் கார்டும் பழைய டிரைவரும் இருந்தால், அந்த ரௌட்டரின் அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாமல் டிரைவர் அதைப் பட்டியலிலிருந்தே விட்டுவிடும். கார்டை மாற்ற வேண்டியதில்லை, டிரைவரைப் புதுப்பித்தால் போதும்.

கேள்வி: நானோ அடாப்டர் அரை மணிக்கொரு முறை துண்டிக்கிறது. சில சமயம் இணைந்தது என்று காட்டும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. அப்போது ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது.
– வீட்டிலிருந்து பணிபுரிபவர், சேலம்

பதில்: இரண்டும் வெவ்வேறு நோய்கள். 169.254 என்பது ரௌட்டர் கொடுத்த முகவரி அல்ல. முகவரி கேட்டுப் பதில் வராததால் விண்டோஸ் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர். சிக்னல் பலவீனமாக இருக்கும்போதும், ரௌட்டர் திணறும்போதும் இது வரும். ரௌட்டரை அணைத்துப் போட்டபிறகும் தொடர்ந்தால், டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

துண்டிப்புக்கு முதல் சந்தேகம் மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ என்ற தாளில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருள்படும் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, அடாப்டரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பது. யூஎஸ்பி 3 துளையும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. நகக்கணு அளவுள்ள நானோ அடாப்டர் அந்த இரைச்சலின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, அடாப்டரை மேசையின் மேல் உயரமாக வைத்துப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது ரூபாய்க் கேபிள் செய்யும் வேலையைப் பல நேரம் புது ரௌட்டர்கூடச் செய்வதில்லை.

கேள்வி: விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட லேப்டாப்புக்கு எந்த யூஎஸ்பி அடாப்டர் வாங்குவது?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: மீடியாடெக் 7612யு அல்லது 7610யு சிப் உள்ளதைத் தேடி வாங்குங்கள். லினக்ஸின் மையப்பகுதியைக் கெர்னல் என்பார்கள்; 2018-இல் வந்த 4.19 கெர்னலிலிருந்தே அவற்றுக்கான டிரைவர் லினக்ஸுக்குள் இருக்கிறது, செருகினால் ஓடும். கையில் ஏற்கெனவே இருக்கும் அடாப்டர் எது என்று அறிய, கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்தெழுத்தை ஜபித்தால் அடையாள எண் வந்துவிடும். கடைகளில் அதிகம் கிடைக்கும் ரியல்டெக் 8821சியு என்றால், 6.2 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் வேண்டும், உபுண்டு 24.04-க்கு ஏறிவிட்டால் கவலையில்லை. பழைய கெர்னலில் வெளியிலிருந்து டிரைவரை எடுத்துக் கட்டிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அதற்குக் கையொப்பம் போட வேண்டும், கெர்னல் மாறும்போது மறுபடி கட்ட வேண்டியும் வரலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்த வேலை வந்து வாய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியில் ஒவ்வொருவரின் மேக் முகவரியையும் (வைஃபை கருவியின் அடையாள எண்) பதிவு செய்துதான் வைஃபை தருகிறார்கள். நான் யூஎஸ்பி அடாப்டருக்கு மாறியதும் இணைப்பு போய்விட்டது. புதிதாகக் கொடுத்த முகவரியும் மறுநாள் வேலை செய்யவில்லை.
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: முதலாவது எதிர்பார்க்க வேண்டியது: மேக் முகவரி அடாப்டருக்குரியது, லேப்டாப்புக்குரியது அல்ல. மறுநாள் போனதற்குக் காரணம், விண்டோஸ் அமைப்புகளில் வைஃபை பகுதியிலுள்ள ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ வசதி போடப்பட்டிருப்பதாக இருக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்த முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அநேகமாக விண்டோஸ் புனைந்த முகவரிதான். அந்த வசதியை அணைத்துவிட்டு, இணைப்பு விவரத்தில் ‘பிசிக்கல் அட்ரஸ்’ என்று காட்டும் 12 குறிகளைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பதிவானபின் அந்த அடாப்டரை அறைத் தோழருக்கு இரவல் கொடுக்க வேண்டாம். அவர் என்ன பார்த்தாலும் விடுதிப் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் நிற்கும்.